சரகத்துக்கு வெளியே ஒரு காலிபிளவர்

ஆவுடையம்மாள் முதலில் தராசைத்தான் பார்த்தாள். சந்தைக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் காயைப் பார்ப்பார்கள், பழத்தைப் பார்ப்பார்கள், கூட்டத்தில் கைப்பை பத்திரமா என்று பார்ப்பார்கள். இவள் கண் மட்டும் நேரே தராசுக்குப் போகும். எடை அளவு இன்ஸ்பெக்டருக்கு வாழ்க்கைப்பட்டவள் கண் வேறு எங்கே போகும்? இத்தாலி தேசத்தில், டூரின் நகரத்தில், டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு பக்கத்தில் போகிற இந்தப் பெரிய சந்தையில் எல்லாமே மின்தராசு. ஒவ்வொன்றின் விலாவிலும் பச்சை நிறத்தில் சின்னதாக ஒரு முத்திரைச் சீட்டு. இருக்கு, முத்திரை இருக்கு, நிம்மதியா இருங்க என்று மனசுக்குள் அவருக்குத் தகவல் கொடுத்தாள். அவர் போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்குத்தான் தெவசம். மத்தியானத்துக்குள் சமைத்து இலை போட்டாக வேண்டும். மகன் சிதம்பரநாதன் லீவு போட்டுவிட்டு, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, குக்கரில் அரிசியை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வாழையிலையைக்கூட எங்கேயோ உறைந்துபோன பொட்டலமாகத் தேடிப் பிடித்துவிட்டான் பிள்ளை. ஆனால் வாழைக்காய் கிடைக்கவில்லை. ‘நானும் வாரேம்மா’ என்றவனை, ‘குளிச்சிட்டு சுத்தமா இருக்கவன் டிராம்ல ஏறி நாலு பேரை இடிச்சிட்டு வரணுமா, நீ இரு, எனக்குத் தெரியாத மார்க்கெட்டா’ என்று அடக்கிவிட்டு வந்தாயிற்று. அவன் வாசல்வரை வந்து சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. ‘எதையும் தொட்டுராதம்மா. இங்க கையைக் காட்டணும், அவங்களே எடுத்துத் தருவாங்க.’ தொடாமல் எப்படிக் காய் வாங்குவது? முகம் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற கதைதான். அதில் அவளுக்கு நல்லது அமைந்தது. அமைந்ததை வைத்துக் காய்க்கும் அப்படியே அமையும் என்று நம்ப முடியுமா? சேலைக்கு மேல் மகனுடைய பெரிய ஸ்வெட்டர், காலில் மருமகள் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூ, தோளில் பாளையங்கோட்டை ஜவுளிக்கடை மஞ்சள் பை. இந்தக் கோலத்தில் தன்னைப் பார்த்தால் அவர் சிரித்தே புரையேறிவிடுவார் என்று நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் குற்றாலநாதன் இன்ஸ்பெக்டர் காய் வாங்கி யாரும் பார்த்ததில்லை. வாங்க முடியாது. அவர் தலை தெரிந்தால் போதும், கடைக்குக் கடை கனைப்பார்கள், எடை குறைந்த படிக்கல் ஒன்றிரண்டு சாக்குக்குள் போகும், வியாபாரமே ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். மீறி ஒரு கடை முன்னால் நின்றுவிட்டாலோ அரைக் கிலோ கேட்ட இடத்தில் பை நிரம்பிவிடும், காசை நீட்டினால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் அவர் மார்க்கெட்டுக்கு எதிர்த்தாற்போல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அவள் மட்டும் உள்ளே போய் வருவாள். அவளுக்கு ஒரே ஒரு உத்தரவு: கொசுறு வாங்கக் கூடாது. ஊரில் எல்லாப் பெண்களும் காய் வாங்கி முடித்ததும் பையைத் திறந்து பிடித்தபடி நிற்பார்கள், கடைக்காரர் கறிவேப்பிலை ஒரு கொத்து, மல்லித்தழை ஒரு பிடி, இரண்டு பச்சை மிளகாய் எறிவார். இவள் அந்த நேரம் பார்த்துப் பை வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்த ஒரே பெண்பிள்ளை என்று மார்க்கெட் முழுக்க அவளுக்குப் பெயர். வெளியே வந்தால் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘என்னென்ன வந்திருக்கு? சொல்லு’ என்பார். அவள் சொல்வாள். சினிமா பார்த்துவிட்டு வந்தவள் கதை சொல்கிற மாதிரி ஒன்று விடாமல் சொல்வாள். எது புதுசு, எது வாடல், எந்தக் கத்தரிக்காயில் பூச்சி, யார் யாரோடு சண்டை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் உள்ளே வரவில்லை. ‘அவங்களுக்கு நான் இன்னமும் இன்ஸ்பெக்டர்தான், ஏன் பாவம் பயமுறுத்தணும்’ என்றார். அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவே இல்லை. எந்தச் சந்தைக்குப் போனாலும் வாய் தானாக உள்ளுக்குள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

கேளுங்க, குடமிளகாய் வந்திருக்கு. நம்ம ஊர்ல ஊட்டிக்காரன் கொண்டாந்து தருவானே, அந்தச் சைஸ் இல்ல. ஒண்ணு எடுத்தா ஒரு வீட்டுக்குக் காணும். மஞ்சளும் சிவப்புமா, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுக்கு. தக்காளி இருக்கு, வரி வரியா மடிப்பு விழுந்து, சின்னப் பூசணிக்காயோன்னு நெனச்சிட்டேன். பூசணிக்காயும் இருக்கு, அதுக்கு மேலெல்லாம் பரு. சுரைக்காயோட தம்பி மாதிரி ஒண்ணு, நுனியில பூவோட விக்கான். பூவையும் திங்காங்களாம், மாவுல முக்கிப் பொரிச்சு. ரோஜாப்பூ மாதிரி கருஞ்சிவப்பா ஒரு கீரை, கட்டி வச்சா மாலைன்னு கழுத்துல போட்டுக்கலாம். காளான் கொட்டிக் கிடக்கு, ஒவ்வொண்ணும் குடை பிடிக்கிற ஆள் கணக்கா தடியா இருக்கு, அதுல ஒட்டின மண்ணைக்கூடத் துடைக்காம விக்காங்க, துடைச்சா விலை குறையும்போல. அத்திப்பழம் வந்திருக்கு. சீதா பழத்துக்குத்தான் வழியில்ல. இப்படியாக அவள் நடந்துகொண்டே சொன்னாள். கூவி விற்கிறவர்களின் சத்தம் காது நிறைந்தது. இந்த ஆண்கள் கத்தரிக்காயைக் கூவுகிற கூவலில் ஊர்க் கோயில் நாதஸ்வரமே தோற்றுப்போகும். ஒருத்தன் நெஞ்சில் கை வைத்து, திராட்சைக்குலையைத் தூக்கிப் பிடித்து, கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்துப் பாடுகிற மாதிரி கத்தினான். அவளைப் பார்த்து, ‘சிஞ்ஞோரா!’ என்றான். அம்மா என்று கூப்பிடுகிறான்போல. நல்ல பிள்ளை. அவளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். நேரமாகிறது என்று ஒரு எண்ணம் இத்தனை நிறத்துக்கும் அடியில் ஊறிக்கொண்டே இருந்தது. அவர் பசியோடு உட்கார்ந்திருப்பார். வருஷத்துக்கு ஒரு வேளை. அந்த ஒரு வேளையும் தவறிவிட்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

கைப்பைக்குள் போன் அலறியது. பாளையங்கோட்டையிலிருந்து நாத்தனார் பிரமு, அவருக்கு ஒரே தங்கை. திரையில் அவள் நெற்றியும் பாதி மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. ‘மதினி, வாழைக்காய் கெடச்சிட்டா?’ ‘இன்னும் இல்ல ஏளா, தேடிக்கிட்டிருக்கேன்.’ ‘வாழைக்காய் இல்லாம எப்படி மதினி எலை போடுவிய? எங்கண்ணன் திரும்பிப் போயிருவானே. பாத்துக்கிடுங்க, கேரட்டு, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, காலிபிளவரு எதுவும் எலை பக்கம் வரப்பிடாது. அம்மா சொன்னது நெனப்பிருக்குல்லா?’ நினைப்பில்லாமல் என்ன? அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கேட்ட பாட்டு. தெவசத்துக்கு நாட்டுக்காய்தான் ஆகும், வாழைக்காய், அவரைக்காய், பூசணிக்காய், சேனை. இங்கிலீஷ் காய் ஆகாது. இந்தச் சந்தையிலோ திரும்பின பக்கமெல்லாம் ஆகாத காய்தான் மலை மலையாகக் கிடந்தது. ‘காக்கா இருக்கா அங்கே?’ என்று பிரமு அடுத்த கவலைக்குத் தாவினாள். ‘இருக்கு ஏளா. பால்கனியில ஒண்ணு வருது. உடம்பெல்லாம் சாம்பல், தலையும் றெக்கையும் மட்டும் கறுப்பு, ஸ்வெட்டர் போட்டமாதிரி.’ ‘அது காக்காதானா?’ ‘கா கான்னுதான் கத்துது.’ ‘அப்ப சரி’ என்று பிரமு வைத்துவிட்டாள். சரி என்று சொல்லிவிட்டாள், ஆனாலும் ஆவுடைக்கு அந்தக் காக்காய் மேல் முழு நம்பிக்கை இல்லை. அது சோறு தின்னுமா? நெய்யும் பருப்பும் பார்த்திருக்குமா அது வாழ்க்கையில்? ரொட்டி தின்று வளர்ந்த காக்காய் அது.

அந்த யோசனையிலேயே அவள் செய்யக் கூடாததைச் செய்துவிட்டாள். கூரை போட்ட பகுதியில் தோட்டக்காரர்கள் தாங்களே விளைவித்ததைக் கொண்டுவந்து விற்கிற வரிசை. ஒரு பெரிய கூடையில் மொச்சை மாதிரியே காய், ஆனால் தோலெல்லாம் ரோஸ் நிறத்தில் தீற்றல் தீற்றலாக, பொங்கலுக்குச் சாயம் பூசின மாட்டுக்கொம்பு கணக்காக. அவரைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி இல்லையா இது, ஆகும் என்று வைத்துக்கொள்ளலாமா, முற்றலா பிஞ்சா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் போய் ஒரு காயை எடுத்து நுனியை டக்கென்று ஒடித்துவிட்டது. பிஞ்சுதான். நல்ல சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே இடி மாதிரி இன்னொரு சத்தம். கடைக்காரி. ஆவுடை வயசுதான் இருக்கும், வெள்ளை முடியை உச்சியில் கொண்டை போட்டு, முழங்கைவரை மண்நிறமாகக் கறுத்த கை. என்ன சொன்னாள் என்பது ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, ஆனால் என்ன திட்டு என்பது முழுசாகப் புரிந்தது. காயை ஒடித்தவளை உலகத்தில் எந்தக் கடைக்காரியும் வேறு எப்படித் திட்டுவாள்? ஆவுடைக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி, சந்தையில் திருடி மாதிரி நிற்கிறாள். ஒடித்த காயை மார்போடு வைத்து, அதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கையால் சொன்னாள். கடைக்காரி அந்த ஒடிந்த நுனியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தன் காயை ஒருத்தி ஒடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டாள் என்பது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், உறுமலை விடாமலே ஒரு கை அள்ளிக் காகிதப் பையில் போட்டாள். அவளுக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கின்மேல், இலைப் போர்வைக்குள் காலிபிளவர்கள் உட்கார்ந்திருந்தன. வெள்ளையில், ஊதாவில், கோபுரம் கோபுரமாகக் கூம்பு வைத்த பச்சையில். ஆவுடை காசைக் கொடுத்துவிட்டு, அவற்றைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வாழைக்காய் கிடைத்துவிட்டது. சந்தையின் கோடியில், தலையில் மஞ்சளும் நீலமுமாகத் துணி சுற்றிய ஒரு ஆப்பிரிக்கப் பெண் வைத்திருந்தாள். மரவள்ளிக்கிழங்கு, சேனை மாதிரி ஒன்று, ஒரு மூட்டை மிளகாய், நடுவில் பச்சைப் பசேலென்று வாழைக்காய்ச் சீப்பு. மொந்தன்தான், கொஞ்சம் நீளம். ஆவுடைக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இங்கே தொடலாமா என்று கண்ணால் கேட்டாள். தொடு, தாராளமாகத் தொடு என்று அவள் ஒரு காயைப் பிய்த்தே கையில் கொடுத்தாள். நகத்தால் கீறினால் பால் வடிந்தது, விரல் பிசுபிசுத்தது. அந்தப் பெண் சட்டியில் பொரிக்கிற மாதிரி கையைக் காட்டி, உஸ் என்று எண்ணெய்ச் சத்தம் கொடுத்தாள். ஆமாம் ஆமாம் என்று இவளும் உஸ் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கிடைச்சிட்டுங்க, நல்ல வாழைக்காய் கிடைச்சிட்டு என்று வழக்கம்போல உள்ளே அவரிடம் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நின்றாள். அவர் முகம்தான் வந்தது. டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, கீழுதட்டை மட்டும் லேசாக மடிக்கிற முகம். ‘என்ன வாங்கினே?’ என்று கேட்டு, ‘வாழைக்காய்’ என்று அவள் சொன்ன நாளெல்லாம் வருகிற முகம். அவருக்கு வாழைக்காய் பிடிக்காது. பிடிக்காது என்றால் சாதாரணமாக இல்லை. வாயில் சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கிறது என்பார், இலையின் ஓரத்துக்குத் தள்ளி, சோற்றால் மூடி, அம்மா பார்க்காத நேரத்தில் இவள் இலைக்குக் கடத்துவார். அமாவாசைக்கு அமாவாசை இந்தக் கடத்தல் நடந்தது, லஞ்சமே வாங்காத மனுஷர் வாழ்நாளில் செய்த ஒரே கள்ளத்தனம். அந்த மனுஷருக்குத்தான் வருஷா வருஷம் தவறாமல் கூப்பிட்டு உட்கார வைத்து வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்க் கூட்டு, போதாதற்கு வாழைக்காய் வறுவல். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் ஆவுடை. அந்தப் பெண் பயந்துபோய்க் காயை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

செத்துப்போனால் நாக்கு மாறிவிடுமா? மாறும் என்றுதான் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். மாறாது என்றால்? அவர் மூன்று வருஷமாக வந்து உட்கார்ந்து, கீழுதட்டை மடித்துக்கொண்டு, அவள் மனம் நோகக் கூடாதே என்று தின்றுவிட்டுப் போயிருந்தால்? அவருக்கு உயிரே காலிபிளவர்தான். கல்யாணமான புதுசில் ஊட்டிக்குப் போனார்கள். அங்கே மார்க்கெட் வாசலில் வந்ததும் பழக்கதோஷத்தில் அவள் மட்டும் உள்ளே போகத் திரும்ப, அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ‘இது என் சரகம் இல்ல, ஆவுடை. நானும் வாரேன்’ என்றார். சரகம் என்றால் அவர் சோதனை போட அதிகாரம் உள்ள எல்லை. அதற்கு அந்தப் பக்கம் அவர் வெறும் ஆள். அந்த வெறும் ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கடை கடையாக நின்று பேரம் பேசினார். ஒரு காலிபிளவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, இந்தக் கன்னத்தைப் பார், அந்தக் கன்னத்தைப் பார் என்று காட்டினார். காசு கொடுத்துப் பையைத் திறந்து பிடித்தபடி நின்றார், கொசுறுக்காக! கடைக்காரர் இலையோடு ஒரு கேரட்டை எறிந்தார். அதைத் தெருக் குழாயில் கழுவி, நடுத்தெருவில் நின்று, கறுக் கறுக்கென்று கடித்துத் தின்றார் பாளையங்கோட்டையை நடுங்க வைத்த இன்ஸ்பெக்டர். பஸ்ஸில் ஊர்வரை காலிபிளவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மாமியார் அதை அடுப்படிக்குள் விடவில்லை, வாடை என்றாள், சீமைச் சனியன் என்றாள். கொல்லையில் ஸ்டவ்வை வைத்து இவள் பொரித்தாள், அவர் பக்கத்தில் குத்தவைத்துச் சுடச்சுடத் தின்றார். இத்தனையும் அந்தப் பிசுபிசுத்த விரலோடு நின்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஆவுடைக்குப் புதுசாக ஒரு பயம் வந்தது. அவர் மட்டுமா வருவார்? கூப்பிடுகிற அன்றைக்கு அவருக்கு முன்னால் போய்ச்சேர்ந்த பெரியவர்களும் கூட வருவார்கள் என்பார்களே, அப்படியானால் மாமியாரும் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாளே! காலிபிளவரைக் கண்டால் இலையை விட்டு எழுந்து, மகனையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட மாட்டாளா? அவர் அம்மா சொல்லைத் தட்டாதவர். வெறும் வயிற்றோடு பின்னாலேயே போய்விடுவார். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசின் போகவில்லை. அப்புறம் திடீரென்று வழி தெரிந்துவிட்டது, இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே ஒரு திட்டுத் திட்டினாள். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரே ஒரு வாழைக்காய். மாமியாருக்கு அது போதும், அவள் அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை.

வெள்ளைக் கொண்டைக்காரி இவளைக் கண்டதும் தன் மொச்சைக் கூடையைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஆவுடை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடவே மாட்டேன் என்று காட்டி, தாடையால் அந்த வெள்ளைக் காலிபிளவரைச் சுட்டினாள். அது இல்லை, அதற்கு அடுத்தது. அதுவும் இல்லை, பின்னால் இருக்கிறதே, அது. கடைக்காரி அலுத்துக்கொண்டாலும் கண்ணில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பின்னால் இருந்ததுதான் அங்கே இருந்ததிலேயே நல்லது என்று அவளுக்கும் தெரியும். தூக்கிக் காட்டினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். தராசில் வைக்கும்போது சரியாகப் போன் வந்தது. ஆவுடை பேசாமல் போனைத் திருப்பிக் காலிபிளவருக்கு நேரே காட்டினாள். பிறகு தன் பக்கம் திருப்பினாள். ‘பிரமு, இருக்கியாளா?’ ‘மதினி… அது காலிபிளவருல்லா?’ ‘ஆமா. இந்த வருஷம் உங்கண்ணனுக்குப் பிடிச்சதைப் போடப்போறேன். பொரிச்சு, ஊட்டிக்குப் போயிட்டு வந்தப்ப செஞ்சமாதிரி. நீ என்ன வேணும்னாலும் சொல்லு.’ ‘அம்மா?’ ‘அம்மாவுக்கு வாழைக்காய் இருக்கு. தனியா ஒரு எலை. ரெண்டு பேருக்கும் சண்டை வராது.’ பிரமுவின் நெற்றி திரையில் ஆடியது. அழுகிறாளோ என்று பதறினால், சிரிக்கிறாள். அடக்கிக்கொண்டு, அடக்க முடியாமல் மூக்கு விடைக்கச் சிரிக்கிறாள். ‘கொல்லையில ஒளிச்சுவச்சு எனக்கும் ரெண்டு துண்டு குடுத்தான் மதினி, அன்னைக்கு. அம்மாகிட்ட சொல்லிராதேன்னு. இந்நேரம்வரை சொல்லல’ என்றாள். ‘நல்லா மொறுமொறுன்னு பொரிங்க. காக்கா முதல்ல தின்னுட்டு மீதி வைக்கணும்லா.’ காக்காய் தின்னும். காலிபிளவர் அதன் ஊர்க்காய் அல்லவா, தின்னாமல் என்ன செய்யும்? அந்தப் பயமும் போயிற்று.

காசு கொடுத்துக் காலிபிளவரை மஞ்சள் பைக்குள் இறக்கினாள். கடைக்காரி உடனே குனிந்து, ஒரு வாளித் தண்ணீரில் நின்ற தழைகளிலிருந்து மல்லி மாதிரி ஒரு பிடி, தண்டுக்கீரை மாதிரி ஒரு குச்சி, இலையோடு ஒரு கேரட், மூன்றையும் சேர்த்துப் பிடித்து நீட்டினாள். காசு வேண்டாம் என்று கை வீசினாள். ஆவுடையின் கை தானாகப் பை வாயைச் சுருட்டிப் பிடித்தது. ‘வேண்டாம்’ என்று தமிழிலேயே சொன்னாள். வேண்டாம், அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார், பார்த்துவிடுவார். கடைக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு கிழவர் பையைத் திறந்து பிடித்து நின்றார், அவர் பைக்குள்ளும் இதே மாதிரி ஒரு கொத்து விழுந்தது. இன்னொரு கடையில் ஒரு பெண்பிள்ளை, அவள் பைக்குள்ளும். ஆவுடை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூரைக்கு வெளியே, டிராம் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு காப்பிக்கடை வாசலில் காலியாக ஒரு நாற்காலி வெயிலில் கிடந்தது. சந்தைக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எல்லாம் தெரியும்.

அந்த நாற்காலியைப் பார்த்து, கடைக்காரிக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொன்னாள் ஆவுடை. ‘இது உங்க சரகம் இல்லங்க.’ சொல்லிவிட்டுப் பையை இரண்டு கையாலும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.